கணவாய் மண்ணின் யானைக் காசுகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்ல வழிகள் இரண்டு. சூளகிரி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஒன்று. சரக்கு லாரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரலாம். இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக வளைந்து ஏறும் பழைய பாதை மற்றொன்று. நேரம் கூடுதலாகும், பேருந்தும் நினைத்தபோது கிடைக்காது. ஆயினும் இந்த மண்ணை அறிய விரும்புவோருக்கு இரண்டாவது வழியே உகந்தது.

பேருந்தில் ஏறுமுன், கிருஷ்ணகிரி ஊரின் தலைக்குமேல் நிற்கும் சையத் பாஷா மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட வேண்டும். செங்குத்தான பாறை; அதன்மேல் கோட்டை. பன்னிரண்டு கோட்டைகளின் நாடு என்று பொருள்படும் 'பாராமகால்' பகுதியின் கோட்டைகளுள் இதுவும் ஒன்று. 'பாரா' என்றால் உருதுவில் பன்னிரண்டு என்பது நம் இல்லங்களில் பலருக்குத் தெரிந்ததே. இங்கிருந்து மேற்கே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. மலைமேல் விரியும் ஓசூர்ப் பகுதிக்கு அக்காலத்தில் 'பாலாகாட்' என்று பெயர். 'பாலா' என்னும் பாரசீகச் சொல்லுக்கு 'மேலே' என்பது பொருள். கணவாய்க்கு மேலுள்ள நாடு. கீழே நெல்லும் மாவும், மேலே கேழ்வரகும் தக்காளியும். கீழே தமிழ் மிகுதி. மேலே தெலுங்கும் கன்னடமும் தக்கினி உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும்.

இந்த ஏற்றம் ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லையாக இருந்தது என்பதை இன்று அறிந்தோர் குறைவு. 1791 ஜூலையில் இராயக்கோட்டை ஆங்கிலக் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கிய மேக்ஸ்வெல்லின் படையோ மேல்கோட்டையைப் பிடிக்க இயலாமல் பின்வாங்கியது. போரில் கிடைக்காதது உடன்படிக்கையில் கிடைத்தது. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை விட்டுக்கொடுத்தார். பாராமகால் கும்பினிக்குப் போயிற்று. அலெக்ஸாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர் அதன் நிர்வாகியானார். அவர் கீழ் உதவியாளராக வந்தவரே பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. ஓசூரும் அதனைச் சூழ்ந்த பாலாகாட்டும் சுல்தானிடமே நின்றன. 1799 மார்ச்சில் ஹாரிஸின் பெரும்படை இதே இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத்தான் மைசூருக்குள் புகுந்தது. மே 4 அன்று சுல்தான் ஷஹீதானார். ஆக, ஏழாண்டுக் காலம் கணவாய்க்குக் கீழே ஓர் அரசும் மேலே ஓர் அரசும் இருந்தன.

அந்த ஏழாண்டுகளின் சாட்சிகள் கோட்டைச் சுவர்களில் மட்டும் இல்லை. கேழ்வரகு வயல்களிலும் கிடக்கின்றன. ஏர் உழுத பின் நல்ல மழை ஒன்று பெய்து மண் கழுவப்பட்டால், பச்சை படிந்த செப்பு வில்லை ஒன்று மேலே வந்து கிடக்கும். ஒரு பக்கம் யானை. மறுபக்கம் அரபு எழுத்து. உழவர்கள் இதனை 'யானைக் காசு' என்பார்கள். நம் இல்லங்களில் தாதிமாவின் தகரப் பெட்டியில், பாக்குவெட்டிக்கும் பழைய சாவிகளுக்கும் இடையில் இப்படியொன்று கிடப்பதைச் சிலர் கண்டிருக்கலாம்.

இந்தக் காசுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செப்புக் காசில் யானையைப் பொறிக்கும் வழக்கத்தை ஹைதர் அலி தம் ஆட்சியின் இறுதியில் தொடங்கினார். 1782இல் அரியணை ஏறிய அவர் மகன் அதனைத் தொடர்ந்ததோடு நில்லாமல், நாணயச் சாலையையே ஒரு பாடசாலையாக்கிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. தங்கக் காசுகளுள் பெரியது பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பெயரால் அஹ்மதி. அடுத்தது அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் பெயரால் சித்தீக்கி. வராகனுக்கு இணையானது உமர் ஃபாரூக் (ரலி) அவர்கள் பெயரால் ஃபாரூக்கி. வெள்ளியில் இரட்டை ரூபாய் ஹைதரி, ரூபாய் இமாமி, அதன் கீழே ஆபிதி, பாக்கிரி, ஜாஃபரி, காளிமி என்று அஹ்லுல் பைத் இமாம்களின் பெயர்கள், எல்லாவற்றிலும் சிறியது ஹிள்ரி. செம்புக்கு வரும்போது சுல்தான் வானத்தை நோக்கினார். இரட்டைப் பைசா முஷ்தரி, அதாவது வியாழன். பைசா ஸுஹ்ரா, வெள்ளி என்னும் கோள். அரைப் பைசா பஹ்ராம், செவ்வாய். கால் பைசா அக்தர், விண்மீன். அரைக்கால் பைசா குத்ப், துருவ நட்சத்திரம். சந்தையில் உப்பு வாங்கப் போன ஏழையின் முந்தானை முடிச்சில் இப்படியாக வானம் கிடந்தது.

ஆண்டைக் குறிப்பதிலும் ஒரு புதுமை. 1787 முதல் சுல்தான் ஹிஜ்ரிக் கணக்கை விட்டு, நபிகளார் (ஸல்) பிறப்பிலிருந்து எண்ணும் 'மவ்லூதி' ஆண்டைக் காசுகளில் பொறித்தார். அதோடு, எண்களை அரபு எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். எழுத்தை வலமிருந்து படித்தாலும் எண்ணை இடமிருந்து படிப்பதுதானே அரபியிலும் உருதுவிலும் வழக்கம்? இதனை அறியாதவர் இக்காசுகளின் ஆண்டைத் தலைகீழாகப் படித்துத் திகைப்பார்.

எங்கள் மதரஸாவிலும் அந்தத் திகைப்பு நேர்ந்தது. கெலமங்கலத்துக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஓத வரும் பிள்ளை ஒருவன், தன் மாமாவின் வயலில் கிடைத்த பைசா ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தான். எடை பதினோரு கிராம் அளவில் இருந்தது.

"ஹஜ்ரத், இதில் 8121 என்று போட்டிருக்கிறது. இன்னும் வராத வருஷமா?" என்றான்.

மறுபக்கமிருந்து படிக்கச் சொன்னேன். 1218. ஆங்கிலக் கணக்கில் 1790-91. இராயக்கோட்டை வீழ்ந்த போர் நடந்துகொண்டிருந்த காலம். படைவீரன் ஒருவனின் இடுப்புத் துணியிலிருந்து விழுந்தது என்று கதை கட்டப் பிள்ளைகள் ஆயத்தமானார்கள். அப்படிச் சொல்வதற்கில்லை. காசு அடித்த ஆண்டு வேறு, தொலைந்த ஆண்டு வேறு. செப்புக் காசு முப்பது நாற்பது ஆண்டுகள் கைமாறும்.

ஆனால் அவர்களிடையே எழுந்த வேறொரு விவாதம் என்னை மகிழ்வித்தது. கிடைத்த காசு யாருக்குரியது? மண்ணில் கிடைக்கும் புதையலாகிய 'ரிகாஸ்' பற்றி, அதில் ஐந்தில் ஒரு பங்கு பொதுநிதிக்குரியது என்னும் நபிமொழி நாம் அறிந்ததே. ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா போன்ற நூல்களில் மார்க்க அறிஞர்கள் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். கிடைத்த காசில் இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்தின் சின்னம் இருந்தால் அது ரிகாஸ். இஸ்லாமிய முத்திரை இருந்தால் அது ஒரு முஸ்லிம் தொலைத்த பொருளாகவே கருதப்படும். 'லுகதா' எனப்படும் அத்தகைய பொருளைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேடி அறிவிக்க வேண்டும். அதாவது, காசின் மேலுள்ள எழுத்தைப் படிக்காமல் சட்டம் சொல்ல முடியாது! "ஒரு பக்கம் யானை உருவம், ஒரு பக்கம் அரபு எழுத்து, எந்தப் பக்கத்தைப் பார்ப்பது?" என்று ஒருவன் மடக்கினான். யானை அந்த அரசின் அடையாளம், அடித்தவர் யார் என்பதே கேள்வி என்று மற்றொருவன் விடை சொன்னான். ஃபிக்ஹுப் பாடத்தில் தூங்கி வழிபவர்களும் அன்று விழித்திருந்தனர்.

நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே நெறியில் செல்வதைக் கண்டு வியந்தேன். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால், என்ன கிடைத்தது, எங்கே, எந்நாளில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் வருமாறு ஆட்சியர் பொது அறிவிப்புச் செய்வார். விசாரணை நாள் நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் இருக்கும். உரியவர் எவரும் இல்லையென்று முடிவானால், நிலத்துக்காரரோடு வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுக்கும். மறைத்தாலோ பங்கு போய்விடும். ஓராண்டுச் சிறையும் உண்டு. நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் வணிகமும் செய்யக் கூடாது.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண் தோண்டியபோது செப்புக் கலயம் ஒன்றில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. கிடைத்தவை எண்ணப்பட்டு, எடையிடப்பட்டு, அரசுக் கருவூலம் சென்றன. செய்தி படித்தபோது நான் வகுத்துப் பார்த்தேன்: காசு ஒன்றுக்குச் சுமார் 3.4 கிராம், வராகனின் எடை. இவ்வளவையும் வீட்டில் உட்கார்ந்தபடி அறிய முடிந்தது, எண்ணிக்கையும் எடையும் பதிவானதால் மட்டுமே.

பதிவு என்று வரும்போது, நம்மை ஆண்டவர்களின் நாட்டில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க இயலாது. இங்கிலாந்தில் உழுத வயல்களில் வரிசையாக நடந்து தரையைக் கண்ணால் துழாவுவோரும், உலோகங்காட்டும் கருவியோடு நடப்போரும் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுக்கு மிகுதியும் கிடைப்பவற்றுள் ஒன்று இடைக்காலத்து வெள்ளிப் பென்னி. நம் விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. எடை ஒன்றரை கிராமுக்கும் குறைவு. ஒரு பக்கம் அரசர். மறுபக்கம் சிலுவையும் அதனைச் சுற்றி அடித்த கம்மியரின் பெயரும் ஊரும். நெடுங்காலம் அதைவிடச் சிறிய காசு இல்லாமையால், சில்லறை தேவைப்பட்டபோது சிலுவைக் கோட்டின்மேல் வெட்டி அரையும் காலுமாக்கினார்கள். நம் பக்கத்துத் தங்கப் பணமும் இப்படித் தொலையக் கூடியதே. ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு எடை. கையால் எண்ணினால் நழுவும் என்பதால் குழிகள் வெட்டிய பலகையில் கொட்டி எண்ணினார்கள்.

அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டம் தங்கம், வெள்ளிப் புதையல்களை அறிவிக்கக் கட்டாயப்படுத்துகிறது. அதைவிட முக்கியமானது 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டம். சட்டம் கட்டாயப்படுத்தாத ஒற்றைக் காசையும் கண்டெடுத்தவர் தாமே கொண்டு வந்து காட்டுகிறார். அலுவலர் அதனைப் படமெடுத்து, எடையிட்டு, கிடைத்த வயலைக் குறித்துக்கொண்டு, காசைத் திருப்பித் தந்துவிடுகிறார். இப்படிப் பதிவானவை பதினைந்து இலட்சத்துக்கும் மேல். எந்தச் சந்தைக்கு எந்த ஊர்க் காசு வந்தது, எந்தப் பாதை எப்போது செழித்தது என்பதையெல்லாம் இந்தப் புள்ளிகளைச் சேர்த்து அறிகிறார்கள்.

நம் வாசகர்கள் வியக்கக்கூடிய செய்தி ஒன்றுண்டு. வெள்ளிப் பென்னியை நிலைநிறுத்திய மன்னர்களுள் முதன்மையானவர் மெர்சியாவை 757 முதல் 796 வரை ஆண்ட ஆஃபா. அவர் பெயரால் அடித்த தங்கக் காசு ஒன்று லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அப்பாஸியக் கலீஃபா மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தீனாரைப் பார்த்து அடித்தது. கலிமா அப்படியே அரபியில் இருக்கிறது. நடுவே 'ஆஃபா மன்னர்' என்று இலத்தீனில் தலைகீழாக. அடித்த கம்மியருக்கு அரபி தெரியாது. பார்த்து வரைந்தார், அவ்வளவே. 2007இல் யார்க் நகருக்கு அருகே ஒரு தந்தையும் மகனும் கருவியோடு நடந்து கண்டெடுத்த வைக்கிங் புதையலில் சமர்கந்தில் அடித்த திர்ஹமும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வயல் எத்தனை தூரத்துச் செய்தியை வைத்திருக்கிறது!

இனி நம் நிலைமைக்கு வருவோம். ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லாரியும் கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் செய்யும் ஆலைகள் எழுந்தன. அதன்பின் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று நெடுக மண் புரட்டப்படுகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்களிடம் ஓதிச் சென்ற பிள்ளைகளின் அண்ணன்மார் பலர் அந்த ஆலைகளின் சம்பளத்தில்தான் தங்கைகளுக்கு நிக்காஹ் முடித்திருக்கிறார்கள். ஆனால் ஏர் ஒரு சாண் மண்ணைத்தான் கிளறும். ஜேசிபி ஒரே நாளில் ஓர் ஏக்கரின் மேல்மண்ணை வழித்து லாரியில் ஏற்றிவிடும். அந்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பப் போகிறதோ, அதிலுள்ள காசும் அங்கே போகும். பிறகு அது கிடைத்தாலும் பொய்ச்சாட்சியே சொல்லும்.

கூலியாட்கள் கையில் அகப்படுபவை காயலான் கடைக்குப் போகின்றன. (காயல்பட்டினத்து வணிகரால் வந்த பெயர் என்பார்கள், நம்மவர் பெயர் பழைய இரும்போடு ஒட்டிக்கொண்டது!) அப்படியொரு கடையில் விசாரித்தேன். "செம்பு செம்புதானே ஹஜ்ரத், கிலோ விலைக்குத்தான் எடுப்போம், உருக்கப் போயிடும்" என்றார் கடைக்கார பாய். அவர்மீது தவறில்லை, அவரிடம் யாரும் சொன்னதில்லை.

உருகாமல் தப்புபவை சில மோசடிக்காரரிடம் சிக்குகின்றன. 'ரைஸ் புல்லிங்' என்னும் பித்தலாட்டத்தைப் பற்றிக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நலம். பழைய செப்புக் காசோ கலசமோ அரிசியை இழுக்கும். அதற்கு வெளிநாட்டில் கோடி விலை உண்டு. சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் தாருங்கள் என்பார்கள். அரிசியில் இரும்புப் பொடி தடவிக் காந்தம் வைத்தால் எதுவும் இழுக்கும். கும்பினியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் போட்டுத் தெய்வ உருவம் பொறித்த 'அரையணா'க்களும் இவ்வாறே. கும்பினி அப்படியொரு காசை அடித்ததே இல்லை. வீட்டை அடகு வைத்து ஏமாந்தவர்களும் நம் மஹல்லாக்களில் உண்டு.

காசின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்தது தங்கமல்ல, இரும்பு. ஆனால் அது கிடந்த மண்ணடுக்கின் கரியை ஆராய்ந்ததில் காலம் கி.மு. 2172 என்று வந்ததாக 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் இரும்பின் பழமை நாலாயிரம் ஆண்டைத் தாண்டியது. அதே இரும்பைக் காயலான் கடைத் தராசில் போட்டிருந்தால் துரு என்று தள்ளியிருப்பார்கள். கிடந்த இடமே அதற்கு விலையானது.

யானைக் காசுக்கும் இதுவே கணக்கு. கணவாய்க்குக் கீழே, 1792க்குப் பின் கும்பினி ஆண்ட ஊர்களில், அதற்குப் பிந்திய மவ்லூதி ஆண்டுகளின் காசுகள் எத்தனை கிடைக்கின்றன? அவை கிடைத்தால், எல்லை கோட்டைகளுக்குத்தான், சந்தைக்கு இல்லை என்று ஆகும். கிடைக்கவே இல்லையென்றால் எல்லை உழவன் மடிவரை வந்துவிட்டது என்று ஆகும். இன்று ஓசூரை அடுத்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. ஒரே ரூபாய் இருபுறமும் செல்கிறது. அன்று எப்படி என்பதை அரசாங்கக் கடிதங்கள் ஓரளவே சொல்லும். மீதியை வயல்கள்தாம் சொல்ல வேண்டும். வயல்கள் ஆண்டுக்காண்டு குறைகின்றன.

ஆகவே தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் சில சொற்கள். காசு கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். பச்சைப் படிவோடு எழுத்தும் போய்விடும். மண்ணை மெல்லத் தட்டி, தனிக் காகிதத்தில் மடித்து, எந்த வயல், புல எண் என்ன, என்று கிடைத்தது என்று எழுதி வையுங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கிருஷ்ணகிரியில் 1993 முதல் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கும் காட்டுங்கள். சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன் 1921இல் ஹைதர், திப்பு காசுகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குக் கிடைக்காத காசு உங்கள் வயலில் இருக்கலாம்.

அந்த மாணவனின் மாமா தயங்கித்தான் கையெழுத்திட்டார். நிலத்தை எடுத்துக்கொள்வார்களோ என்பது அவர் அச்சம். சட்டத்தில் அப்படி ஏதும் இல்லையென்று வாசித்துக் காட்டிய பின்னரே கடிதம் ஆட்சியர் அலுவலகம் சென்றது. மழைக்குப் பின் பிள்ளைகள் நால்வர் அவர் அனுமதியோடு அந்த வயலில் வரிசையாக நடந்தார்கள். தோண்டக் கூடாது, மேலே தெரிவதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது ஒன்றே. இரு சிங்கங்கள் தாங்கும் கும்பினி முத்திரை, 1808 என்ற ஆண்டு, மறுபக்கம் பாரசீக எழுத்து; சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்த இருபது காசு. இதே வகைக் காசுகளைப் பீப்பாய்களில் ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அவற்றை இலட்சக்கணக்கில் வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே கடலடியில் சென்னைக் காசு. இங்கே கேழ்வரகு வயலில் அதன் உடன்பிறப்பு.

மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதினான்: யானைக் காசு, வடக்கு வரப்பிலிருந்து பன்னிரண்டு அடி, சிங்கக் காசு, கிணற்றுக்குக் கிழக்கே முப்பது அடி. பக்கத்து வயலில் மனைக்கற்கள் நட்டாகிவிட்டன. அறுவடைக்கு முன் அங்கும் ஒருமுறை நடக்க அனுமதி கேட்டிருக்கிறோம்.